வாசகர் விருதுக்கு நான் சேர்த்த வாசகர்கள்

"சார், இத இங்க வெச்சா குரூப் டூ கைடு எங்க வெக்கறது? உங்க தலைமேலயா?"

சேலத்தில் ஒரு புத்தகக் கடைக்காரர் என்னை இப்படித்தான் வரவேற்றார். நான் தூக்கிக்கொண்டு போயிருந்தது ஒரு மரத் தட்டு. அதில் ஐந்து நாவல்களை அட்டை தெரிய நிறுத்திவைக்கலாம். மேலே விருதின் பெயர் எழுதியிருக்கும், கீழே வாசகர்கள் வாக்குச் சீட்டுப் போட ஒரு பெட்டி. கல்லாவுக்குப் பக்கத்தில் வைக்கும்படி கேட்டேன். அவர் அதை எடை பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் வைத்தார். செருப்பு விடும் இடம். நான் கத்தினேன். அவரும் கத்தினார். கடைக்கு வந்திருந்த பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நூற்பாலை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் அறக்கட்டளை அந்த விருதைத் தருகிறது. குழந்தைகள் நூலுக்கு ஒன்று, பெரியவர்கள் படிக்கும் நாவலுக்கு ஒன்று. நடுவர்கள் ஐந்து நாவல்களைப் பொறுக்கித் தருவார்கள். அவற்றில் எது என்று வாசகர்கள் வாக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். குழந்தைகள் விருதில் தொல்லையே இல்லை. தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் படிக்கச் சொல்லி வாக்கும் வாங்கித் தந்துவிடுவார். வளர்ந்தவர்களை யார் வரிசையில் உட்காரவைப்பது? நூலகம் நூலகமாகவும் கடை கடையாகவும் போய்க் கெஞ்சத்தான் வேண்டும்.

நான் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். அஸ்தம்பட்டி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் ஆண்டு வாக்குப் பெட்டிகள் காலியாகவே திரும்பின. அறங்காவலர் கூட்டத்தில் ஆலை முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "புரொபசர், போன வருசம் நாம யாருக்கு விருது குடுத்தோம்னு எங்க டிரைவருக்கே தெரியாது. அதுக்குப் பதிலா காலண்டர் அடிச்சுக் குடுத்திருந்தா நாலு பேரு செவுத்துல மாட்டியிருப்பான்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்தேன். அடுத்த ஆண்டு பெட்டியை நிரப்பிக் காட்டாவிட்டால் பார் என்று இருந்தது.

அந்த அடுத்த ஆண்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஐந்து நாவல்களில் ஒன்று புனைபெயரில் வந்திருந்தது. எழுதியவர் ஒரு பெண் என்பதும் நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை வீட்டு மருமகள் என்பதும் பதிப்பாளருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு மருமகளின் கதை அது. ஓரிடத்தில் அவள் கஞ்சிக் கரண்டியை மாமியாரின் வாயருகே பிடித்துக்கொண்டு, இன்றைக்கே இது முடிந்துவிட்டால் ஒரு ராத்திரியாவது விடியும் வரை தூங்கலாமே என்று நினைக்கிறாள். நினைத்துக்கொண்டே ஊட்டுகிறாள். கிழவி வாயைத் துடைத்துவிட்டு அடுத்த கரண்டியை எடுக்கிறாள். அந்தப் பக்கத்துக்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை. மற்ற நான்கு நாவல்களையும் சேர்த்துக் கட்டினாலும் அந்த ஒரு பக்கத்துக்கு ஈடாகாது என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பட்டியல் வெளியானதும் அந்த நாவலை எழுதியவர் போனில் அழைத்தார்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேக்கோணும். என்ற பேரு எங்கயும் வெளிய வராதுங்களே?"

"வராதும்மா. ஏன், பரிசு வாங்கினா சந்தோசந்தானே?"

"சந்தோசந்தானுங்க. அது கதைங்க சார். ஆனா எங்கூட்லயும் அத்தை படுத்துட்டுத்தான் இருக்கறாங்க. படிக்கறவங்க கதையின்னா நெனப்பாங்க? எங்கூட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும். எழுதிக்க, ஊரு வாய்ல மட்டும் உழுந்தராதன்னு சொல்லிட்டாரு."

"உங்க அத்தைக்குத் தெரியாதா?"

"அவிங்களுக்குக் கண்ணு செரியாத் தெரியாதுங்க. நாந்தான் எங்கூரு லைப்ரரியில பொஸ்தகம் எடுத்தாந்து தெனமும் படிச்சுக் காட்டறேன். நல்லாக் கேப்பாங்க, நடுநடுவுல எழுதினவன வெய்வாங்க. என்ற பொஸ்தகத்த மட்டும் இன்னும் படிக்கலீங்க." சிரித்தார். அப்புறம் குரல் மாறியது. "அவிங்க காதுக்கு இது போயிரக் கூடாதுங்க சார். அப்புறம் எங்கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிப்பாங்களா?"

போகாது என்று வாக்குக் கொடுத்தேன். அந்த நேரத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன்.

பிறகு தட்டுகளோடு அலைந்தேன். வாழப்பாடியில் ஒரு கடைக்காரர் நாவல்களை எடுத்து ஓரமாக அடுக்கிவிட்டு, தட்டில் ஜியாமெட்ரி பாக்ஸ்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். "ஒருத்தன் எடுத்துப் பாத்தான் சார். பரீட்சையில இதுலருந்து கேள்வி வருமான்னு கேட்டான். வராதுன்னேன், வெச்சுட்டுப் போயிட்டான். நான் என்ன பண்றது சொல்லுங்க?" என்றார். பெட்டியைத் திறந்தால் பஸ் டிக்கெட்டும் மிட்டாய்த் தாளும் கிடந்தன. ஒரே ஒரு சீட்டில் எழுத்து இருந்தது. ஆவலாகப் பிரித்தேன். 'மொதல்ல ரோட்டப் போடுங்கடா' என்று எழுதியிருந்தது. இந்த ஜனங்களுக்கு இவ்வளவு போதும் என்று அவர் காதில் விழும்படியே சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த எரிச்சல் தணியாமலேதான் சேந்தமங்கலம் பக்கத்து ஊர்ப்புற நூலகம் ஒன்றுக்குப் போனேன். நாவல் எழுதியவரின் ஊர் அதுதான். ஒரே அறை. நடுவில் நீள மேசை, அதைச் சுற்றிச் செய்தித்தாள் படிப்பவர்கள். நூலகர் ஒரு பெண். தட்டிலிருந்த ஐந்து நாவல்களையும் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். வெளியே காலித் தட்டு மட்டும் நின்றது. புதுப் புத்தகம் காணாமல் போனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால் அங்கே எந்தப் புதுப் புத்தகமும் முதலில் பூட்டுக்குள்தான் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் திட்டினேன்.

"பூட்டி வெக்கறதுக்கு எதுக்கும்மா லைப்ரரி? நகைக்கடை வெக்க வேண்டியதுதானே?"

அவர் சாவியை எடுத்தார். மேசையிலிருந்த பெரியவர் ஒருவர் செய்தித்தாளை இறக்கினார். ஒரு காலத்தில் ரிக் வண்டி வைத்துக்கொண்டு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

"வாத்தியாரே, அந்தப் புள்ளய எதுக்குங்க வெரட்டறீங்க? இந்த அஞ்சு பேர்ல நம்ம பக்கத்தாளு ஆருங்க, அதச் சொல்லுங்க மொதல்ல."

"ஊர் பாத்துக் குடுக்கறதில்லீங்க."

"அப்ப ஆருமில்லேன்னு சொல்லுங்க. மெட்ராஸ்ல உக்காந்து எழுதறவனுக்கு நாங்க ஓட்டுப் போடோணுமாக்கும்."

"ஏன் மாமா, எழுதறவன் நம்மூர்ல இல்லாமயா? லாரிக்குப் பின்னால பேரு எழுதறானே," என்றார் பக்கத்தில் இருந்த இளையவர். மேசை முழுக்கச் சிரிப்பு.

"அதையாவது படிச்சிருக்கீங்களா?" என்றேன் நான்.

"படிக்காமங்களா? 'தள்ளி வா'ன்னு போட்டிருக்கும். உங்களுக்குஞ் சேத்துத்தானுங்க போட்டிருக்கான்."

மறுபடி சிரிப்பு. இந்தச் சிரிப்பில் அந்த ஆலை முதலாளியின் சிரிப்பும் கலந்து கேட்டது. நூலகர் அப்போதுதான் எடுத்து வைத்தவற்றில் அந்த மருமகள் நாவலைத் தூக்கிப் பிடித்தேன்.

"இத எழுதினவங்க உங்க பக்கந்தான்யா! கோழிப்பண்ணை வீட்டு மருமக."

"கோழிப்பண்ணை இல்லாத ஊடு இங்க எதுங்க? சும்மா அடிச்சு உடாதீங்க."

"அடிச்சு விடறேனா? இதே லைப்ரரியில புக் எடுத்துட்டுப் போய் மாமியாருக்குப் படிச்சுக் காட்டறாங்களே, அவங்கதான். போதுமா?"

சிரிப்பு நின்றது. நூலகர் பீரோக் கதவைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். பெரியவர் கையை நீட்டி, "அதக் குடுங்க பாக்கலாம்," என்றார். கொடுத்தேன். வென்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

வாசல் வரை வந்த நூலகர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏன் சார் சொன்னீங்க? அந்த மாதிரி எடுத்துட்டுப் போறவங்க இங்க ஒருத்தங்கதான்."

பேர் சொல்லவில்லையே என்றேன். எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கண்டுபிடிக்கப் பேர் வேண்டியதில்லை. எந்த ஊரு, யாரூட்டுப் பொண்ணு, எந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டது என்று மூன்று கேள்வியில் ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். நான் பிறந்து வளர்ந்ததும் இந்தக் கேள்விகளுக்கு நடுவில்தான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு இடமில்லை.

அடுத்த முறை போனபோது அந்த நாவல் தட்டில் இல்லை. வந்தவுடன் எடுத்துப் போய்விடுகிறார்கள், இன்னும் பிரதி வேண்டும் என்று வாசலிலேயே ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். நாமக்கல்லில் என் தட்டைக் குடோனில் போட்டுவைத்திருந்த கடைக்காரரே போன் செய்தார்: "சார், அந்த மாமியா மருமவ பொஸ்தகம் இன்னொரு கட்டு அனுப்பி உடுங்க. நிக்க மாட்டேங்குது." என்ன நடக்கிறது என்று அந்தப் பேரே எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் கட்டை அனுப்பினேன். வாக்குப் பெட்டி நிரம்பியது. ஆலை முதலாளி, "என்ன மாயம் பண்ணீங்க புரொபசர்?" என்றார். வாசிப்பு என்பது தானாகப் பற்றிக்கொள்ளும், நாம் கொண்டுபோய் வைக்க வேண்டும், அவ்வளவுதான் என்று பேசினேன்.

அவர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதை ஒரு நாள் அந்த மேசையில் கண்ணால் பார்த்தேன். ரிக் வண்டிக்காரர் விரலை வைத்து வரி வரியாகப் போய்க்கொண்டிருந்தார். "இந்தக் கொட்டாய் அவிங்க கெழக்கால கொட்டாய்தான். ஆனா நாய் கறுப்புன்னு போட்டிருக்கா. அது செவலையல்ல?" என்றார். பக்கத்திலிருந்தவர், "மாத்தி எழுதியிருக்கறாப்பா, ஆருக்கும் தெரியக் கூடாதுன்னு," என்றார். நாவலின் ஓரங்களில் பென்சிலால் உண்மையான ஆட்களின் பேர்கள் இருந்தன. கரண்டி வரும் பக்கம் மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்தது. பார்த்துவிட்டு மூடிவைத்தேன். நூலகர் என் முகத்தைப் பார்க்காமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நாவல் எழுதியவர் அழைத்தார்.

"சொல்லிப்போட்டீங்களா சார்?"

கோபத்தில் வாய் தவறிவிட்டது என்றேன். பின்னணியில் கோழிகளின் சத்தம் கேட்டது.

"செரி. இனி அதப் பேசி என்னத்துக்கு? ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. மாரியம்மன் நோம்பிக்குத் திருச்செங்கோட்ல இருந்து எங்க நங்கையா வாராங்க." நோம்பி என்று அவர் சொன்னது திருவிழாவை, நங்கையா என்றது கணவரின் அக்காவை. "அதுக்குள்ள லைப்ரரியில இருக்கறதயும் நாமக்கல் கடையில இருக்கறதயும் எடுத்துருங்க. ஊர்க்காரங்க பொறத்தால பேசுவாங்க, அத்தை மூஞ்சிக்கு நேரா வந்து சொல்ல மாட்டாங்க. நங்கையா அப்படியில்லீங்க. கைக்குக் கெடச்சா கொண்டாந்து படிச்சே காட்டிருவாங்க."

"எடுத்துடறேம்மா."

"கட்டாயம்ங்களா?"

"கட்டாயம்."

நான் எடுக்கவில்லை. மறந்துபோகவில்லை, உடம்புக்கு முடியாமலும் போகவில்லை. வாக்குப் போட இன்னும் நாள் இருந்தது. இந்தச் சுற்று வட்டாரத்தில் பெட்டி நிரம்பியதே அந்தப் புத்தகத்தால்தான். அதை எடுத்தால் பழையபடி பஸ் டிக்கெட்டுத்தான் மிஞ்சும். அவருக்குத்தானே பரிசு, அவருக்கு நல்லதுதானே செய்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நோம்பி வாரத்தில் நாமக்கல் கடைக்காரர் மறுபடி கேட்டார். இன்னொரு கட்டு அனுப்பினேன். அதிலிருந்துதான் அந்த நாத்தனாருக்கு ஒரு பிரதி போனது.

விருது அவருக்கே கிடைத்தது. விழாவும் நடந்தது. அவர் வரவில்லை. எழுத்தாளர் தம்மை மறைத்துக்கொள்ளும் உரிமை பற்றி மேடையில் நான் நன்றாகவே பேசினேன், கைதட்டினார்கள். ஆனால் விழாவுக்கு முன்பு அந்த வீட்டுக்கு நான் போனேன் என்பது அறக்கட்டளையில் யாருக்கும் தெரியாது.

நூலகர்தான் போன் செய்திருந்தார். "நாத்தனார் கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து அந்தக் கரண்டிப் பக்கத்தச் சத்தமா வாசிச்சாங்களாம் சார். அதுலருந்து பெரியம்மா வாயத் தொறக்கறதில்லையாம். மருமக கையால தண்ணிகூட எறங்கல. இன்னைக்கு மக ஊட்டுக்கு அழைச்சுட்டுப் போறாங்க." கடைசியில், "பூட்டி வெச்சிருந்தேன் சார் நான்," என்றார். நான் பதில் சொல்லும் முன் வைத்துவிட்டார்.

வீட்டு வாசலில் ஒரு ஆம்னி வேன் நின்றது. தெருவில் ஆங்காங்கே ஆட்கள், வேடிக்கை பார்க்காததுபோல வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணவர் என்னைப் படியிலேயே மறித்தார்.

"ஆருங்க?"

சொன்னேன்.

"ஓ. நீங்கதானா அது?" மேலும் கீழும் பார்த்தார். "உள்ள போங்க. நீங்க பண்ணினத நீங்களும் பாருங்க."

அறைக்குள் கட்டிலில், புண் வராமல் இருக்கக் காற்று ஏற்றும் மெத்தை மேல், மிகவும் மெலிந்த அந்த அம்மா கிடந்தார். கட்டிலுக்கடியில் மெத்தையின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். என்னோடு போனில் பேசியவர் சுவரோரம் மடித்த விரிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரை நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. என்னைப் பார்த்தார், தலையைக் கூட அசைக்கவில்லை.

"ஆரது?" என்றார் கட்டிலில் இருந்தவர்.

"பொஸ்தகத்தக் கொண்டாந்து ஊர்ல வெச்ச வாத்தியாருங்க அத்தை."

அந்த அம்மா முகத்தை என் பக்கம் திருப்ப முயன்றார். முழுக்கத் திரும்பவில்லை.

"சாவட்டும்னு நெனச்சதா எழுதியிருக்கறாளாமா. நெனச்சிருப்பா. நானுந்தான் நெனச்சேன், போய்ச் சேந்தாத் தேவலைன்னு. அது எங்க ரெண்டு பேத்துக்குள்ள. உனக்கென்ன சாமி அதுல? இப்ப ஊரே வாசப்படியில வந்து நின்னு என்ற வாயவே பாக்குது, தொறக்கறனா இல்லியான்னு. எப்படித் திங்கறது, நீயே சொல்லு."

"அவகிட்ட வாங்கித் தின்னு, ஊரு சிரிக்கட்டும்," என்றார் மகள், பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே. "சாவட்டும்னு எழுதினவ கஞ்சியில என்ன கலப்பாளோ?"

"நீ வாய மூடு," என்றார் அந்த அம்மா. மகள் மூடவில்லை. பேசிக்கொண்டேதான் இருந்தார்.

வேன் ஓட்டி வந்தவரும் கணவருமாக விரிப்போடு சேர்த்துத் தூக்கினார்கள். நான் கை கொடுக்கப் போனேன். "நீங்க உடுங்க," என்றார் கணவர். வேனின் பின் சீட்டில் படுக்கவைத்தபோது மருமகள் ஓடிவந்து குனிந்தார்.

"நங்கையா, வலது பக்கமாத் திருப்பிப் படுக்க வெய்யுங்க. இடுப்புக்கிட்ட இடது பக்கம் புண்ணு இருக்குது. கஞ்சி சூடா இருந்தா வேண்டாம்பாங்க, ஆற வெச்சு..."

"எங்கம்மாவ எனக்குத் தெரியாதா? நீ எழுதப் போ."

கதவை இழுத்துச் சாத்தினார்கள். வேன் கிளம்பியது. கண்ணாடி வழியாக அந்த அம்மாவின் கால் மட்டும் தெரிந்தது. தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மருமகள் வீட்டுக்குள் திரும்பினார். எனக்கும் வேறு வழி தெரியாமல் பின்னால் போனேன். காலிக் கட்டிலில் மெத்தை ஒரு பக்கம் உப்பியும் ஒரு பக்கம் தளர்ந்தும் அசைந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து மோட்டாரை நிறுத்தினார். காற்று இறங்கி முடியும் வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மன்னித்துவிடும்மா என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். அதைச் சொல்லவில்லை. நான் கேட்டது இதுதான்:

"விழாவுக்கு வர முடியுமாம்மா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. அவரால் எழுத முடிந்திருக்கும். அந்த நாவலுக்குப் பிறகு அவர் ஒரு வரியும் எழுதவில்லை என்று பதிப்பாளர் சொன்னார்.

வாசலிலிருந்து கணவரின் குரல் வந்தது: "சார், காரை எடுங்க. முட்டை லோடு எடுக்க லாரி வந்து நிக்குது."

வெளியே வந்தேன். லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பிரதான சாலை வரை காரை ரிவர்ஸிலேயே எடுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. எனக்குக் கழுத்து அவ்வளவாகத் திரும்பாது. இரண்டு பக்கமும் வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் 'வரலாம், வரலாம்' என்று கை காட்டவில்லை.